தி.நகர்: மழை மறக்காத ஏரி

2021 நவம்பர். ராத்திரி முழுக்க மழை. மறுநாள் காலையில ஜி.என். செட்டி சாலையில, முழங்கால் தண்ணியில பைக்கைத் தள்ளிக்கிட்டு வந்தேன். பக்கத்துல நடந்த ஒரு பெரியவர் சொன்னார்: "ஏரிக்குள்ள ரோடு போட்டா இப்படித்தான் தம்பி." ஏரியா? தி.நகர்லயா? அந்தக் கேள்விதான் இந்த எபிசோட்.

மவுண்ட் ரோடுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்துல இருந்து சைதாப்பேட்டை பக்கம் வரைக்கும் நீளமா ஒரு ஏரி இருந்துச்சு. ஆங்கிலேயர்கள் அதை ‘லாங் டேங்க்’னு கூப்பிட்டாங்க. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில அதுல படகுப் போட்டியே நடந்திருக்கு. 1920-களில் நகரத்துக்கு வீடு பத்தலை. மாம்பலம் பக்கத்து ஏரியை வடிச்சு மனை பிரிச்சாங்க. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பேர்ல தியாகராய நகர் பிறந்தது. அப்புறம் நுங்கம்பாக்கம் பக்கமும் ஏரி போச்சு. 1976-ல திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்கிறதும் ஏரி இருந்த இடத்துலதான்.

ஏரிங்கிறது வெறும் பள்ளம் இல்லை. மழைத்தண்ணியைப் பிடிச்சு வைக்கும். நிரம்பினா, மீதி கலங்கல் வழியா வெளியேறும். அதைக் கால்வாய் ஆத்துக்குக் கொண்டுபோகும். பிடிச்சு வைக்க ஒண்ணு, கொண்டுபோக ஒண்ணு. நாம பிடிச்சு வைக்கிறதை எடுத்துட்டோம். மொத்தப் பாரமும் சின்னக் கால்வாய் மேல விழுந்தது.

அதுதான் மாம்பலம் கால்வாய். வள்ளுவர் கோட்டம் பக்கத்துல ஆரம்பிச்சு, தி.நகர், நந்தனம் வழியா அடையாறுல சேருது. சுமார் 5, 6 கிலோமீட்டர்தான். பல இடத்துல சுவருக்குப் பின்னாடி, ரோட்டுக்குக் கீழே ஒளிஞ்சு கிடக்கு. கழிவுநீர் கலந்ததும் அதோட பேரே ‘சாக்கடை’ ஆயிடுச்சு. கால்வாய்னா தூர்வாரணும்னு தோணும். சாக்கடைன்னா மூடிட்டா போதும்னு தோணும். பேர் மாறினதுல நாம இழந்தது அதைத்தான்.

எங்க வேலையில ஒரு பழைய ஃபங்ஷனை டெலிட் பண்றதுக்கு முன்னாடி, அதை வேற எது கூப்பிடுதுன்னு பார்ப்போம். இங்கே ஏரியை டெலிட் பண்ணியாச்சு. ஆனா, மழை இன்னும் அதைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கு.

தடயம் தெருப் பேர்லயே இருக்கு. மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடு, நுங்கம்பாக்கத்துல டேங்க் பண்ட் ரோடு. அடுத்த தடவை வீடு பார்க்கப் போகும்போது, "தண்ணி வருமா?"ன்னு மட்டும் கேட்காதீங்க. "மழை பெஞ்சா தண்ணி எந்தப் பக்கம் போகும்?"னும் கேளுங்க. அந்தத் தெருவுல ரொம்ப நாளா இருக்கிற பெரியவங்க யாராவது சொல்வாங்க.