கீரிமலை ஊற்றும் செம்பாட்டுத் தோட்டமும்

கீரிமலைக் கேணியில் நீராடியவர்கள், கடலின் அருகே நன்னீர் எங்ஙனம் வந்தது என வியப்பது வழக்கம். வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில் பெய்த மாரிமழை, கீழேயுள்ள சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கிக் கரையோரத்தில் ஊற்றாக வெளிப்படுகின்றது, அவ்வளவுதான். நமது தோட்டக் கிணறுகளில் ஊறுவதும் இவ்வாறு இறங்கிய மழைநீரே. ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத குடாநாட்டுக்கு இதுவே முதன்மையான இயற்கை நன்னீர். ஆதலால் பயிருக்கு இட்ட பசளையின் கணக்கை மண்ணோடு நிறுத்திவிட முடியாது.

முன்னோர் அக்கணக்கை அனுபவத்தால் அறிந்திருந்தனர். வேலியிலும் கூரையிலும் இருந்து பழுதான பனையோலையைத் தோட்டத்திலே தாழ்த்தனர். பூவரசங்குழை வெட்டிப் புதைத்தனர். வெறுந்தறையில் ஆட்டுப்பட்டி, மாட்டுப்பட்டி அடைத்தனர். புகையிலையோ வெங்காயமோ நின்ற தறையில் அடுத்துக் குரக்கன் வரும். முன்னைய பயிர் விட்ட மிச்சமே அதற்கு உணவு. சணலை விதைத்துப் பூக்கும் பருவத்தில் உழுது மடக்கினால், அதன் வேர்முடிச்சுகள் காற்றிலிருந்து பிடித்த நைதரசன் அடுத்த பயிருக்காகும். துலாவால் இறைத்தமையால் நீரும் அளவோடுதான் பாய்ந்தது.

பின்னர் நீரிறைக்கும் இயந்திரமும் யூரியாவும் வந்தன. 1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத் தோட்டக்காரர் தலைநிமிர்ந்தனர். கல்வீடுகள் எழுந்தன. வெங்காயத்தின் பின் மீண்டும் வெங்காயமே நடப்பட்டது. அன்று இளம் செய்தியாளனாக நான் எழுதியவை யாவும் சந்தை விலை பற்றியவை. 1977இன் பின் திறந்த பொருளாதாரத்தால் விலை வீழ்ந்ததையும் எழுதினேன். கிணற்றைப் பற்றி ஒரு வரிதானும் எழுதவில்லை.

யூரியாவில் 46 வீதம் நைதரசன். வெங்காயத்தின் வேரோ மேல்மண்ணைத் தாண்டுவதில்லை. வேருக்குத் தப்பியது நைத்திரேற்றாகி, பாய்ச்சிய நீரோடு சுண்ணக்கல்லுக்குள் இறங்கிவிடும். பொஸ்பரசின் குணம் வேறு. அது சுண்ணாம்போடு பிணைந்து மண்ணிலேயே தங்கும். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்துக் கிணறுகள் பல அதனைத் தாண்டியிருப்பதை ஆய்வாளர்கள் 1980களிலேயே சுட்டிக்காட்டினர். அந்நீரில் பால்மா கரைத்துப் புகட்டப்படும் பச்சிளங்குழந்தைக்கே முதல் ஆபத்து. குருதி பிராணவாயுவைச் சுமக்கும் வலுவிழக்க, உடல் நீலம் பாரிக்கும்.

1990இல் வடக்குக்கு யூரியா தடைப்பட்டது; வெடிமருந்தாகும் என்பது காரணம். அவ்வாண்டிலேயே கீரிமலை மக்களும் இடம்பெயர்ந்தனர். எஞ்சிய ஊர்களில் தோட்டக்காரர் எருவுக்கும் குழைக்கும் திரும்பினர், விரும்பியல்ல. 2021 மே மாதத்தில் நாடு முழுவதற்கும் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டு, விளைச்சல் சரிந்து, நவம்பரில் தடை நீங்கியது. பசளையே வேண்டாம் என்பதன்று என் கட்சி. ஆனால் எருவில் உள்ள நைதரசனைக் கழித்துக்கொண்டு, மீதியை மட்டும் யூரியாவாக, அதையும் பிரித்துப் பிரித்து இடுபவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

2009இன் பின் வலிகாமம் வடக்கின் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. திரும்பியவர்கள் பற்றை வெட்டி, கிணறு இறைத்து, மீண்டும் வெங்காயம் நட்டனர். பனையோலை வேலி நின்ற இடங்கள் பலவற்றில் இன்று சீமெந்து மதில், தாழ்ப்பதற்கு ஓலையில்லை.