தேசிங்கைத் தமிழனாக்கிய பாட்டு

முகலாயத் தளபதி சுல்பிகர் கானின் முற்றுகையோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். 1690-ல் தொடங்கி 1698-ல் முடிந்த அந்த முற்றுகையின்போது செஞ்சியைச் சுற்றி எத்தனை மொழிகள் புழங்கியிருக்கும்! கோட்டைக்குள் சிவாஜியின் மகன் ராஜாராமின் மராத்தியர்கள். வெளியே பாரசீகத்தில் கணக்கெழுதிய முகலாயப் பாசறை. அதில் தனி அணியாகப் புந்தேல ராஜபுத்திரர்கள். சுற்றுப்பட்டு ஜனங்கள் பேசியது தமிழும் தெலுங்கும்.

எழுதியவர்களும் இருந்தார்கள். ராஜாராம் செஞ்சிக்கு வந்த கதையைக் கேசவ பண்டிதர் ‘ராஜாராம சரிதம்’ என்று சமஸ்கிருதக் காவியமாக்கினார். புந்தேலத் தளபதி தளபத் ராவிடம் வேலை பார்த்த பீம்சேன், தான் கண்ட முற்றுகையைப் பாரசீகத்தில் எழுதிவைத்தார். இரண்டும் அரிய ஆவணங்கள். ஆனால் படித்தவர் கைக்குள்ளேயே தங்கிவிட்டன. ஊர் வாயில் நின்றது வேறொரு கதை.

கோட்டை முகலாயர் வசமான பின், 1700 வாக்கில் சரூப் சிங் என்ற புந்தேலரைச் செஞ்சியின் கோட்டைத் தலைவராக ஔரங்கசீப் நியமித்தார். 1714-ல் சரூப் சிங் இறந்ததும் மகன் தேஜ் சிங் பொறுப்பேற்றார். நிலுவை வரியைக் கட்டு என்றார் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான். தேஜ் சிங் பணியவில்லை. 1714 அக்டோபர் 3-ஆம் தேதி போர்க்களத்தில் விழுந்தபோது அவருக்கு வயது 22. ஆண்டது சுமார் பத்து மாதம். மனைவி உடன்கட்டை ஏறினாள்.

அரசாங்கக் கணக்கில் இது ஒரு வரிப் பாக்கித் தகராறு. அதைத் தமிழ்ப் பாட்டுக்காரர்கள் கையிலெடுத்தார்கள். தேஜ் சிங், தேசிங்கு ராஜன் ஆனார். புந்தேல்கண்டு வம்சத்துப் பிள்ளை, உடுக்கடிப் பாட்டிலும் தெருக்கூத்திலும் நம்மூர்த் தமிழில் வீரவசனம் பேசினார். யாராலும் அடக்க முடியாத குதிரையை டில்லியில் அடக்கினார். போருக்குப் புறப்படுமுன் சிங்கவரம் ரங்கநாதரிடம் உத்தரவு கேட்டார். பாறையைக் குடைந்த கோயிலில் பள்ளிகொண்டிருக்கும் பெருமாள், ‘போகாதே’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். சிங்கவரத்துக்குப் போகிறவர்களுக்குச் சாய்ந்த அந்தத் திருமுகத்தைக் காட்டி இந்தக் கதையை இன்றும் சொல்கிறார்கள்.

எனக்கு இந்தப் பாட்டில் பெரிய மனிதர் மோமத்துக்கான். தேசிங்கின் உயிர்த் தோழர், முஸ்லிம். கல்யாணக் கோலத்தில் இருந்தவருக்கு ஓலை வருகிறது. மணமேடையை விட்டுக் குதிரை ஏறுகிறார். எதிரே நிற்பதும் ஒரு முஸ்லிம் நவாபின் படைதான். தேசிங்குக்காக அதனுடன் மோதி உயிரை விடுகிறார். இந்த ஒரு பாத்திரம் இருக்கும்வரை இந்தச் சண்டையை மதச் சண்டையாக யாரும் திரிக்க முடியாது. பெயர் தெரியாத பாட்டுக்காரர்கள் நூல் பிசகாமல் செய்துவைத்த ஏற்பாடு இது. அவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

பாட்டில் எல்லாமே எனக்கு உடன்பாடு என்று சொல்லமாட்டேன். ராணியின் தீக்குளிப்பை அது கொண்டாடுகிறது. உயிரோடு ஒரு பெண் எரிந்ததைக் கொண்டாட என்னால் முடியாது. அவள் நினைவாக ராணிப்பேட்டையை உண்டாக்கியவர் வென்ற சாதத்துல்லா கானேதான்.

இந்தக் கதையைப் ‘பெரிய எழுத்து’ப் புத்தகங்கள் சந்தைதோறும் கொண்டுபோயின. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து ராகம் போட்டு வாசித்தால் தெருவே கேட்கும். 1960-ல் எம்.ஜி.ஆர். நடித்த ‘ராஜா தேசிங்கு’ திரைக்கு வந்தது. இடையில், 1943-ல் சி.எஸ். சீனிவாசாச்சாரியார் எழுதிய செஞ்சி வரலாற்றை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது.

2025 ஜூலையில் மராத்திய ராணுவ நிலப்பரப்பு என்ற தலைப்பில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இடம்பெற்றது செஞ்சி மட்டுமே. கோனார்கள் எழுப்பி நாயக்கர்கள் விரிவாக்கிய கோட்டை மராத்தியர் பெயரிலா என்று கேட்பவர்களின் வருத்தம் நியாயமானது. சிவாஜி 1677-ல் கைப்பற்றிப் பலப்படுத்தியதும் உண்மை. ஆனால், மூதாதை யார் என்ற வழக்கில் தேசிங்குக்கு எந்தப் பக்கமும் இடமில்லை. அவர் கோனாரல்லர், நாயக்கரல்லர், மராத்தியருமல்லர். அவருக்குச் செஞ்சியில் இடம் கொடுத்தது பாட்டு. பிறப்பையும் தாய்மொழியையும் விசாரிக்காமல், இந்த மண்ணில் நின்று செத்தவன் என்ற ஒரே கணக்கில் கொடுத்தது.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே ஊர்க்காரர் ஒருவர், கும்பெனி அதிகாரி கேட்டுக்கொண்டதன்பேரில் செஞ்சியின் கதையைத் தமிழ் உரைநடையில் எழுதினார். ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’ தந்த அந்த நாராயணன் பிள்ளையை அடுத்த வாரம் பார்ப்போம்.