கணிப்பொறித் தமிழும் நம் கைப்பொறுப்பும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், திருக்கோவிலூரை அடுத்துள்ள ஜம்பை என்னும் சிற்றூரின் குன்றுக் குகையொன்றில், 1981ஆம் ஆண்டு ஒரு கல்வெட்டு கண்டறியப்பட்டது. அதியமான் நெடுமான் அஞ்சி உறைவிடமொன்றைக் கொடையாக அளித்த செய்தியைக் கூறும் ஒரே வரி அது. ஏறக்குறைய 2000 ஆண்டுகட்கு முன், தமிழ்ப் பிராமி எழுத்தில் வெட்டப்பட்ட அவ்வரியை மழையும் வெயிலும் அழித்துவிடவில்லை. எனினும், அவ்வட்டாரத்து மக்களுள் எவரும் அதனைப் படிக்க இயலாதவராய்ப் பன்னூறு ஆண்டுகள் வாழ்ந்து மறைந்தனர். எழுத்து நிலைத்திருந்தது, எழுத்தறிவு தொடரவில்லை. அறிஞர்கள் முயன்று அந்த எழுத்துமுறையின் திறவுகோலைக் கண்டெடுத்த பின்னரே கல் பேசத் தொடங்கியது.

கல்லில் வெட்டியதற்கே இந்நிலை என்றால், கணிப்பொறியில் எழுதியதன் நிலை என்ன? 1990களில் தமிழில் அச்சுக்கோத்து நெகிழ்வட்டில் சேமித்த ஒரு நூலை இன்று திறந்து பார்ப்போமாயின், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே பல வேளைகளில் கண்ணிற்படுகின்றன. முப்பது ஆண்டுகளுக்குள் பிள்ளை படிக்க இயலாத ஏடாகத் தந்தையின் ஏடு மாறிவிட்டது. இது எவ்வாறு நேர்ந்தது, இதனை நீக்கப் பாடுபட்டவர் யாவர் என்பதை அறிவது நமக்கு இன்றியமையாதது. ஏனெனில், இத்தகைய இழப்பை நம் சமுதாயம் முன்னரே ஒருமுறை கண்டிருக்கிறது.

அரபுத் தமிழ் தரும் பாடம்

தமிழ் மொழியை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழ் முறையை, அதாவது அர்வியை, நம் முன்னோர் பல நூற்றாண்டுகள் போற்றி வளர்த்தனர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகட்கு, உள்ள எழுத்துகளின்மீது புள்ளிகளும் குறிகளும் சேர்த்துப் புதிய வடிவங்களை அமைத்துக்கொண்டனர். கீழக்கரையில் வாழ்ந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்ற பெருமக்கள் மார்க்க நூல்களை இம்முறையில் யாத்தனர். பள்ளிக்கூடத்தின் வாயிலைக் காணாத தாய்மார்களும் வீட்டிலிருந்தபடியே அவற்றைப் படித்து மார்க்க அறிவு பெற்றனர்.

அச்சு யுகம் வந்தபோது, அந்தச் சிறப்பு எழுத்துகட்குரிய ஈய அச்சுகள் எளிதிற் கிடைக்கவில்லை. ஆகவே, கையால் எழுதியதைக் கல்லச்சில் ஏற்றிப் பதிப்பித்தனர். காலம் மாறிற்று, பள்ளிகளில் தமிழ் எழுத்து பரவியது, அரபுத் தமிழைப் படிப்போர் குறைந்தனர். பாட்டனார் பயின்ற நூலைப் பேரன் பெட்டியில் வைத்துப் போற்றுகிறானேயன்றிப் படிக்க இயலவில்லை. ஓர் எழுத்துமுறையிலிருந்து மற்றோர் எழுத்துமுறைக்குச் சமுதாயம் கடந்து செல்லும்போது, நூல்களையும் உடன் கொண்டு செல்லாவிடின் அவை அக்கரையிலேயே நின்றுவிடுகின்றன. கணிப்பொறித் தமிழின் வரலாறும் இதனையே மீண்டும் கூறுகிறது.

எழுதுகோலாக மாறிய பொறி

கணிப்பொறி முதலில் கணக்கிடவே தோன்றியது. அதனை எழுதுகோலாக்கும் எண்ணம் வீட்டுக் கணிப்பொறிகளின் காலத்தில் பரவலாயிற்று. அமெரிக்காவில் மைக்கேல் ஷ்ரேயர் என்பவர், தாம் இயற்றிய நிரலுக்கு விளக்கக் குறிப்பு எழுத வேண்டியிருந்தது. எதிரே ஆல்டேர் கணிப்பொறி இருக்க, தட்டச்சுப் பொறியை ஏன் நாட வேண்டும் என்று எண்ணிய அவர் 1976ஆம் ஆண்டு ‘எலெக்ட்ரிக் பென்சில்’ என்னும் சொற்செயலியை வெளியிட்டார். வரி முடிந்தவுடன் அடுத்த சொல் தானே கீழ்வரிக்கு இறங்குவதும், பிழையைத் தாள் கிழிக்காமல் திருத்துவதும் அன்றைக்குப் பெரும் புதுமைகள். 1978ஆம் ஆண்டு ராப் பார்னபி எழுதிய ‘வேர்ட்ஸ்டார்’ வந்தது. 1980களில் உலகெங்கும் அலுவலகங்களில் அதுவே கோலோச்சியது. நம் நாட்டிலும் கணிப்பொறி பயின்ற ஒரு தலைமுறையினர் அதன் விசைக் கட்டளைகளை மனப்பாடம் செய்தனர்.

ஈண்டு ஒரு செய்தியை வாசகர்கள் கருதிப் பார்க்க வேண்டும். 1977இல் வெளிவந்த டி.ஆர்.எஸ்-80 என்னும் வீட்டுக் கணிப்பொறியின் திரையில் ஆங்கிலத்தின் சிறிய எழுத்துகளே தோன்றமாட்டா. ஒரு நினைவகச் சில்லின் செலவைக் குறைப்பதற்காகப் பெரிய எழுத்துகளோடு நிறுத்திக்கொண்டனர். எலெக்ட்ரிக் பென்சிலில் ஒழுங்காக எழுத விரும்பியோர், பொறியைத் திறந்து சில்லொன்றைப் பற்றவைத்துச் சிறிய எழுத்துகளைப் பெற்றனர். ஆங்கிலத்திற்கே இடமில்லாத பொறியில் தமிழுக்கு இடம் எங்கிருந்து வரும்? பொறிக்குள் எழுத்து என்பது ஓர் எண்ணேயாகும். 1963ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட ஆஸ்கி முறையில் 128 எண்களே உண்டு. அவற்றுள் அச்சிடத்தக்கவை 95. பின்னர் அது 256 இடங்களாக விரிந்தபோதும், முற்பாதி ஆங்கிலத்துக்கே உரியதாயிருந்தது. நமக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள். அவற்றுடன் நம் பெயர்களிலும் மார்க்கச் சொற்களிலும் பயின்றுவரும் ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய கிரந்த எழுத்துகளும் உண்டு.

பல தமிழ்கள் தோன்றிய கதை

இந்த நெருக்கடியிலும் தமிழர் சோர்ந்துவிடவில்லை. தமிழ்நாட்டு அரசு 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, ணா, றா, னா, ணை, லை முதலியவற்றின் பழைய கூட்டு வடிவங்களை நீக்கியது, பொறிக்கு ஏற்றவேண்டிய வடிவங்களின் தொகையைச் சிறிது குறைத்தது. கால், கொம்பு, இணைக்கொம்பு ஆகியவற்றைத் தனித்தனித் துண்டுகளாக்கித் தட்டச்சுப் பொறியில் வழங்கிய முறையும் கைகொடுத்தது. 1980களில் கனடாவில் வாழ்ந்த முனைவர் கு. சீனிவாசன் ‘ஆதமி’ என்னும் தமிழ்ச் சொற்செயலியை உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டு ‘முரசு’ மென்பொருளுக்கு அடிகோலினார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கலியாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை அமைத்து இலவசமாக வழங்கினார். வணிக ஆதாயம் கருதாமல் பலர் இரவு பகல் பாராது உழைத்த காலம் அது.

எனினும் ஒரு குறை நேர்ந்தது. ஒவ்வொருவரும் தமிழ் எழுத்துகட்குத் தத்தமக்கு உகந்த எண்களை அளித்தனர். எடுத்துக்காட்டாக, ‘பாமினி’ எழுத்துருவில் ‘தமிழ்’ என்னும் சொல், ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவுமே பொறியின் நினைவில் பதிந்திருக்கும். பாமினி எழுத்துரு உள்ள பொறியில் அது தமிழாகத் தெரியும். இல்லாத பொறியில் பொருளற்ற ஆங்கிலமாகக் கிடக்கும். ஒருவர் எழுதிய கட்டுரையை மற்றொருவர் படிக்க, அவருடைய எழுத்துருவையும் உடன் அனுப்ப வேண்டியதாயிற்று.

இதனைச் சீராக்க, இணையக் குழுக்களில் கூடி ஆய்ந்த ஆர்வலர்கள் ‘டிஸ்கி’ என்னும் பொதுமுறையை வகுத்தனர். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு ‘டாப்’, ‘டாம்’ முறைகளையும் ‘தமிழ்99’ விசைப்பலகையையும் ஏற்றது. இதற்கிடையே 1991இலேயே உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் வழங்கும் ‘யூனிகோட்’ என்னும் ஒருங்குறி பிறந்து, தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியிருந்தது. விண்டோஸ் 2000 இயங்குதளம் வந்த பின்னரே ஒருங்குறித் தமிழ் வீட்டுக் கணிப்பொறிகளில் பரவத் தொடங்கியது.

பாலமிட்ட அதிராம்பட்டினத்தார்

ஒருங்குறி வந்துவிட்டால் சிக்கல் தீர்ந்ததா? இல்லை. முன்னர் எழுதியவை யாவும் பழைய எண்களிலேயே உறங்கின. மாற்றுவதும் எளிதன்று. பழைய முறையில் ‘கொ’ என்று எழுத முதலில் கொம்பும், பிறகு ககரமும், இறுதியில் காலும் ஆக மூன்று குறிகள். ஒருங்குறியிலோ முதலில் ககரம், அடுத்து ஒகரக் குறி என இரண்டே. கண்ணுக்குத் தெரியும் வரிசை வேறு, ஒலியின் வரிசை வேறு. ஆகவே எண்ணுக்கு எண் மாற்றினால் போதாது. முன்னதைப் பின்னும், மூன்றை இரண்டாகவும் மாற்றும் நுட்பம் வேண்டும்.

இத்துறையில் தம் பெயரை நிலைநாட்டியவர்களுள் ஒருவர், தஞ்சை மாவட்டத்து அதிராம்பட்டினம் தந்த மர்ஹூம் உமர் தம்பி (1953-2006) அவர்கள். மின்னணுத் தொழில்நுட்பத்தில் பயிற்சி பெற்றுத் துபாயில் பணியாற்றிய அவர், தமிழ்க் கணிமைக்காகத் தம் ஓய்வு நேரத்தையெல்லாம் ஈந்தார். பழைய குறிமுறைகளிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகளை எழுதினார். ஆங்கில விசைகளைத் தட்டினால் தமிழ் தோன்றும் எழுதியை அமைத்தார். ஒருங்குறி எழுத்துரு இல்லாத பொறிகளிலும் இணையப் பக்கங்களைப் படிக்க உதவும் வண்ணம், பக்கத்தோடு தானே வந்திறங்கும் ‘தேனீ’ என்னும் இயங்கு எழுத்துருவைப் படைத்தார். இவற்றுக்கு அவர் விலை கேட்கவில்லை. 2010ஆம் ஆண்டு கோவையில் செம்மொழி மாநாட்டோடு நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டில், ஓர் அரங்குக்கு அன்னாரின் பெயர் சூட்டப்பட்டது.

ஒருவர் மறைந்த பின்னும் நின்று பயன்தரும் கல்வியை நிலையான தர்மம் என்று நம் மார்க்கம் போற்றுகிறது. உமர் தம்பி அவர்கள் இட்ட பாலத்தின் வழியே தமிழ் ஏடுகள் இக்கரை சேர்ந்தன. அவர் பணியை நினைவுகூர்வதற்குப் பாராட்டுக் கூட்டங்கள் மட்டும் போதுமா? அவர் செய்ததைத் தொடர்வதன்றோ முறை!

இனி நம் கடமை

1990களிலும் அதனையடுத்த ஆண்டுகளிலும் கணிப்பொறியில் அச்சுக்கோத்து வெளியிட்ட மலர்கள், திங்களிதழ்கள், மதரஸாக்களின் பாடநூல்கள், ஊர் வரலாறுகள் ஆகியவற்றின் மூலக் கோப்புகள் இன்று எங்கே உள்ளன? சில அச்சகத்து அலமாரியிலும், சில ஆசிரியரின் மக்கள் வீட்டுப் பெட்டியிலும் நெகிழ்வட்டுகளாகவும் குறுந்தகடுகளாகவும் கிடக்கக்கூடும். நெகிழ்வட்டின் காந்தப்பூச்சு காலத்தால் வலுவிழக்கும். அதனைப் படிக்கும் கருவி இன்றைய கணிப்பொறிகளில் இல்லை. காலந்தாழ்த்தும் ஒவ்வோராண்டும் மீட்சியைக் கடினமாக்கும்.

செய்ய வேண்டியவை எளியனவே. முதலாவது, கோப்புகளை உடனே இன்றைய வட்டுகட்கு மாற்றுதல். இரண்டாவது, எந்த எழுத்துருவில் எழுதியது என்பதை அறிந்து குறித்து வைத்தல், அதுவே திறவுகோல். மூன்றாவது, மாற்றுச் செயலியால் ஒருங்குறிக்குக் கொணர்ந்து, அச்சுப் படியோடு ஒப்புநோக்குதல். கிரந்த எழுத்துகட்கு ஒவ்வோர் எழுத்துருவும் வெவ்வேறு இடம் அளித்திருந்தமையால், ஓர் எண் பிசகினாலும் ஹஸனும் ஷரீபும் உருமாறிப் போவர். ஆதலின் மார்க்கச் சொற்களையும் ஆட்பெயர்களையும் அறிந்த ஒருவர் உடனிருந்து பார்த்தல் வேண்டும். நான்காவது, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் படிகளைச் சேமித்தல். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தார் இவ்வழியிலேயே பழந்தமிழ் நூல்களை ஒருங்குறிக்குக் கொணர்ந்தனர். உமறுப் புலவரின் சீறாப்புராணமும் அத்தொகுப்பில் இடம்பெற்றிருப்பது நாம் மகிழத்தக்கது. ஆனால் நம் அண்மைக்கால ஏடுகளை அவர்கள் வந்து மீட்டுத் தருவர் என்று காத்திருத்தல் தகாது. அரபுத் தமிழ் நூல்களைத் தமிழ் எழுத்தில் பெயர்த்தெழுதும் பணியையும் இதனோடு சேர்த்தே மேற்கொள்ளலாம். அவற்றைப் படிக்கத் தெரிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே அது நடைபெற வேண்டும்.

மீண்டும் கள்ளக்குறிச்சிக்கே வருவோம். தென்னார்க்காடு மாவட்டத்திலும், 1993 முதல் விழுப்புரம் மாவட்டத்திலும் அடங்கியிருந்த அப்பகுதி, 2019 நவம்பர் 26ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன் மலைக்கும் தனி வட்டம் அமைந்தது. ஒருங்குறியைத் தமிழ்நாட்டு அரசு 2010இலேயே ஏற்றுவிட்டமையால், அம்மாவட்டம் பிறந்தபோதே பொதுவான தமிழ்க் குறிமுறை ஒன்று ஆயத்தமாய் இருந்தது. கல்வராயன் மலைவாழ் மக்களின் வாய்மொழி வழக்காறுகளை இன்று ஓர் இளைஞர் கைப்பேசியில் எழுதி வைத்தாலும், சிங்கப்பூரிலோ கொழும்பிலோ உள்ளவர் தடையின்றிப் படிக்கலாம். ஆயின், 2019க்கு முந்திய வாழ்வு கல்லிலும் ஓலையிலும் தட்டச்சுத் தாளிலும் பழைய எழுத்துருக் கோப்பிலும் சிதறிக் கிடக்கிறது. இது அம்மாவட்டத்துக்கு மட்டும் உரிய நிலையன்று. நம் ஒவ்வோர் ஊருக்கும், ஒவ்வொரு பள்ளிவாசல் ஜமாஅத்துக்கும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் பொருந்துவதே.

பெருமானார் (ஸல்) அவர்கட்கு அருளப்பெற்ற முதல் இறைச்செய்தியே ஓதுதலையும் எழுதுகோலையும் சுட்டுகிறது. முன்னோர் எழுதியது நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைச் சிதையாமற் காப்பதோடு, அடுத்த தலைமுறை படிக்கத்தக்க வடிவில் கையளிக்கும்போதே அப்பொறுப்பு நிறைவுறும். ஜம்பைக் கல் தன்னைப் படிப்போர் வரும்வரை இரண்டாயிரம் ஆண்டு பொறுத்திருந்தது. நெகிழ்வட்டு அவ்வாறு பொறுத்திராது. இவ்வாண்டே, நம் ஊர் ஏடுகளில் ஒன்றையேனும் இக்கரை சேர்ப்போமாக! வல்ல இறைவன் அதற்குத் துணைபுரிவானாக!