மியூர்ஃபீல்டில் பெண்களின் உறுப்புரிமை

ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குக் கிழக்கே, கடலோரத்தில் உள்ளது மியூர்ஃபீல்டு கோல்ஃப் மைதானம். அதை நடத்திவரும் எடின்பரோ கோல்ஃபர்கள் மாண்புமிகு குழுமம் பழம்பெருமை வாய்ந்தது. லீத் நகரில் ஆடிவந்த காலத்தில், 1744ஆம் ஆண்டு, இக்குழுமத்தார் வகுத்த 13 விதிகளே கோல்ஃபுக்கு எழுதிவைக்கப்பட்ட விதிகளில் இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையவை. 1891இல் குழுமம் மியூர்ஃபீல்டுக்கு இடம் மாறியது. 2017 வரை ஆண்கள் மட்டுமே இதில் உறுப்பினராக முடிந்தது.

பெண்கள் இங்கு ஆடுவதற்குத் தடை இருந்ததில்லை. விருந்தினராக வந்து ஆடலாம். பார்வையாளர் கட்டணம் செலுத்தியும் ஆடலாம். ஆனால் வாக்குரிமையும் நிர்வாகத்தில் இடமும் உறுப்பினருக்கே உரியவை. ‘அவர்களும் ஆடுகிறார்களே’ என்ற சமாதானம் இந்த வேறுபாட்டைக் கண்ணில் படாமல் மறைத்துவிடுகிறது. 2010ஆம் ஆண்டின் பிரிட்டன் சமத்துவச் சட்டம், இருபாலரும் சேர்ந்த கிளப்புகளில் பெண்களைத் தாழ்வாக நடத்துவதைத் தடைசெய்தது; ஒரு பாலருக்கென்றே இயங்கும் கிளப்புகளை விட்டுவைத்தது. ஆகவே மாற்றம் உறுப்பினர்களின் வாக்கால்தான் வர வேண்டியிருந்தது.

2016 மே மாதம் வாக்கெடுப்பு நடந்தது. அதற்கு முன் 33 உறுப்பினர்கள் எதிர்ப்புக் கடிதம் ஒன்றைச் சுற்றுக்கு விட்டார்கள். இக்குழுமத்தில் அணிக்கு இருவர், அவர்களுக்கு ஒரே பந்து, மாறி மாறி அடிக்க வேண்டும் என்ற ஆட்டமுறையே வழக்கம். காலையில் ஒரு சுற்று, கோட்டும் டையும் அணிந்து சாவகாசமாக மதிய உணவு, பிறகு இன்னொரு சுற்று. பெண்கள் வந்தால் ஆட்டத்தின் வேகம் குறையும், மதிய உணவு ஏற்பாடு சிக்கலாகும் என்றது கடிதம். ஒருவரின் உரிமையை மறுக்க இவை காரணங்களே அல்ல. ஆயினும் தீர்மானம் தோற்றது. ஆதரவு 397, எதிர்ப்பு 219. மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்டதால் 14 வாக்குகள் குறைந்தன.

அன்றே, ஓபன் என்ற பெரும் கோல்ஃப் போட்டியை நடத்தும் ஆர் அண்ட் ஏ அமைப்பு, அப்போட்டி இனி மியூர்ஃபீல்டுக்குத் தரப்படாது என்று அறிவித்தது. 1892 முதல் 2013 வரை 16 முறை ஓபன் நடந்த மைதானம் இது. 2013 போட்டியை அப்போதைய ஸ்காட்லாந்து முதலமைச்சர் அலெக்ஸ் சால்மண்ட், ஆண்களுக்கு மட்டுமே உறுப்புரிமை என்ற விதியை முன்னிட்டே தவிர்த்திருந்தார். ஆர் அண்ட் ஏ அமைப்பு தோன்றக் காரணமான, செயின்ட் ஆண்ட்ரூஸின் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப்பும் அதுவரை வெகுவாக முந்திவிடவில்லை. 1754இல் தொடங்கிய அக்கிளப், 2014 செப்டம்பர் 18 அன்றுதான் பெண்களைச் சேர்க்க முடிவெடுத்தது. ஸ்காட்லாந்து விடுதலை குறித்துப் பொது வாக்கெடுப்பு நடந்த அதே நாள் அது.

சட்டம் தொடாத இடத்தை ஓபன் இழப்பு தொட்டது. 2017 மார்ச்சில் மீண்டும் வாக்கெடுத்தபோது ஆதரவு 498 ஆக உயர்ந்தது, எதிர்ப்பு 123 ஆகச் சுருங்கியது. மியூர்ஃபீல்டு உடனே ஓபன் மைதானங்களின் வரிசையில் மீண்டும் சேர்க்கப்பட்டது. பெண்கள் உள்ளே வர மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின. 2019இல், 13 விதிகள் எழுதப்பட்டு 275 ஆண்டுகள் கழிந்த பின், முதன்முதலாக 12 பெண்களுக்கு உறுப்பினராக அழைப்பு சென்றது.

2022 ஆகஸ்டில் மகளிர் ஓபன் முதன்முறையாக மியூர்ஃபீல்டில் நடந்தது. தென் ஆப்பிரிக்காவின் ஆஷ்லி புஹாய், தென் கொரியாவின் சுன் இன்-ஜியுடன் சமநிலையில் முடித்து, கூடுதல் ஆட்டத்தின் நான்காவது குழியில் வென்றார்.