நெஞ்சைப் பிளவாமல் வால்வு பொருத்திய வரலாறு

மனித இருதயத்தின் இடது அறையிலிருந்து குருதி வெளியேறும் வாயிலில் மூன்று மெல்லிய இதழ்களாலான வால்வு ஒன்று அமைந்துள்ளது. வெளிச்சென்ற குருதி மீண்டும் உட்புகாது காப்பது அதன் தொழில். இவ்வாயிற்காவலன் தளர்ந்தால் இருதயமும் தளரும்.

1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் போட்லன்ட் நகரில் அல்பேட் ஸ்டார் என்ற வைத்தியரும் லோவல் எட்வேட்ஸ் என்ற பொறியியலாளரும், கூண்டினுள் பந்து உருளும் செயற்கை வால்வொன்றை அமைத்து, நோயாளியின் இருதயத்திற் பொருத்தி வெற்றி கண்டனர். ஆயின், அதற்கு மார்பைத் திறந்து, இருதயத் துடிப்பை நிறுத்தி, குருதியைப் பொறியொன்றின் வழியே ஓடவிடல் வேண்டும். முதியோருக்கும் வலுக்குன்றியோருக்கும் அது தாங்கவொண்ணாத சிகிச்சையாயிருந்தது.

வேறு வழி உண்டென்பதை 1929இலேயே ஜேர்மானிய வைத்தியர் வேர்னர் போர்ஸ்மன் காட்டியிருந்தார். தமது கை நாளத்தினூடாக மெல்லிய குழாயொன்றைத் தம் இருதயம் வரை செலுத்தி, அதனை எக்ஸ் கதிர்ப் படத்திற் பதிவு செய்தார் அவர். அன்று கண்டிக்கப்பட்ட அச்செயலுக்கு 1956இல் நோபெல் பரிசு கிடைத்தது. 1989இல் டென்மார்க்கில் ஹென்னிங் ரூட் அண்டர்சன், உலோகக் கம்பி வளையத்துள் மடித்த வால்வைக் குழாய்வழியே பன்றியொன்றின் இருதயத்திற் பொருத்தினார். அவரது ஆய்வுரையோ 1992 வரை அச்சேறவில்லை.

2002 ஏப்பிரல் 16ஆம் நாள், பிரான்சின் ரூவான் நகரில், சத்திர வைத்தியர்கள் கைவிட்ட 57 வயது நோயாளி ஒருவருக்கு அலன் கிறிபியே இவ்வாறே வால்வு பொருத்தினார். நோயாளி சில மாதங்களில் வேறு காரணத்தால் இறந்தாராயினும், வழி திறந்துவிட்டது.

இதற்கு இணையாக வேறொரு முயற்சியும் வளர்ந்துவந்தது. 1966இல் ஹூஸ்டன் நகரில் மைக்கேல் டிபேக்கி, சோர்ந்த இருதயத்துக்குத் துணைசெய்யும் பம்பியொன்றைப் பெண் நோயாளி ஒருவருக்குப் பத்து நாட்கள் இணைத்து, அவரை உயிர்பிழைக்கச் செய்தார். பின்னர் வந்த பம்பிகள் உடலினுள்ளேயே பதிக்கப்பட்டன. தோலினூடே வெளிவரும் வடமொன்று அவற்றை மின்கலங்களோடு இணைத்தது. இத்தகைய பம்பியுடன் ஆண்டுக்கணக்காக வாழ்வோர் இன்று பலர்.

ஆயின், காக்க வந்த கருவியே புதியதொரு கேட்டையும் கொணர்ந்தது. ஓயாது சுழலும் பம்பி குருதியை வேறு வழியாற் பெருநாடிக்குச் செலுத்துவதால், இயற்கை வால்வு முற்றாகத் திறப்பது அரிதாகின்றது. நாளடைவில் அதன் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சிதைந்து, சிலருக்குக் கசியத் தொடங்குகின்றன. துலா மிதித்து இறைத்த நீர் பயிரை அடையாது கிணற்றுக்கே வழிந்தோடுவது போல, பம்பி தள்ளிய குருதி மீண்டும் இருதயத்துக்கே திரும்புகின்றது. பம்பி விரைந்து சுழன்றும் உடல் வாடுகின்றது.

இந்நோயாளரின் மார்பை மறுமுறை திறத்தல் பேராபத்தாகும். எனவே வைத்தியர்கள் கிறிபியே காட்டிய வழியை நாடினர். அங்கும் ஓர் இடர் காத்திருந்தது. அவரது வால்வு, சுண்ணாம்பு படிந்து இறுகிய இதழ்களைப் பற்றிக்கொண்டே நிலைபெற்றது. பம்பி பொருத்தியோரின் இதழ்களோ பெரும்பாலும் மென்மையானவை. பற்றுக்கோடின்றிப் புதிய வால்வு இருதய அறையினுள் நழுவக்கூடும். ஆகவே, சற்றுப் பெரிய வால்வைத் தெரிந்து இறுகப் பொருத்தினர். இதழ்களையே கவ்விப்பிடிக்கும் கொளுவிகளையுடைய ஜெனாவால்வ் என்னும் அமைப்பு, கசியும் வால்வுகளுக்கென 2021இல் ஐரோப்பாவில் அங்கீகாரம் பெற்றது. பம்பியுடன் வாழ்வோருக்கும் அது பயன்படுத்தப்பட்டுள்ளது.

ஒரு நோய்க்குக் கண்ட மருந்து மறு நோய்க்கு வித்தாவதும், அதற்கு மாற்றுத் தேடி அறிவு மேலும் நடப்பதும் வைத்திய வரலாற்றின் இயல்பு. தன்னுடலையே சோதனைக்களமாக்கிய ஓர் இளம் வைத்தியரின் துணிவு, பொறியின் துணையால் உயிர்வாழ்வோருக்கு இன்று மற்றுமொரு வாயிலைத் திறந்துள்ளது.