பொறியை ஏந்திய காளான்

தீக்குச்சியை உரசிப் பழகிவிட்ட நாம், பொறிக்கும் சுடருக்கும் நடுவே ஒரு பொருள் தேவைப்பட்டதையே மறந்துவிட்டோம். கல்லில் பிறக்கும் பொறி இமைப்பொழுதில் அவிந்துவிடும். அதை ஏந்திக் கனலாக வளர்க்கும் பஞ்சோ நாரோ இல்லையேல் கல்லும் கைவலியுமே மிஞ்சும்.

1991 செப்டம்பரில், ஆல்ப்ஸ் மலையின் ஆஸ்திரிய - இத்தாலிய எல்லையருகே, சுமார் 3,210 மீட்டர் உயரத்தில் பனியிலிருந்து ஒரு மனித உடல் வெளிப்பட்டது. ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்தவர். பின்னர் 'ஓட்ஸி' என்று பெயரிட்டார்கள். அவருடைய இடைப்பையில், மரங்களில் குளம்பு வடிவில் வளரும் ஒரு காளானின் பக்குவப்படுத்திய நார் இருந்தது. அதில் பைரைட் கல்லின் துகள்களும் ஒட்டியிருந்தன. பிர்ச் மரப்பட்டைக் கலயம் ஒன்றில் பச்சையாகப் பறித்த மேப்பிள் இலைகளும் கரித்துணுக்குகளும் கிடைத்தன. கனலை இலையில் பொதிந்து சுமந்திருக்கிறார் என்பதே ஆய்வாளர்களின் முடிவு. ஆக, நெருப்பைப் பிறப்பிக்க ஒரு வழி, பிறந்ததைக் காக்க இன்னொரு வழி. மரமே இல்லாத உயரத்துக்குக் காட்டின் கொடையை அவர் கையோடு கொண்டுவந்திருந்தார்.

பிற்கால ஐரோப்பிய வீடுகளின் தீப்பெட்டகத்தில் இக்காளானோடு கரித்துணியும் இடம்பெற்றது. பருத்தி அல்லது லினன் துணியைக் காற்றுப் புகாமல் கருக்கிச் செய்வது அது. எஃகின் பொறியை நொடியில் பற்றும். ஆனால் எளிதில் நொறுங்கும், விரைவில் தீரும். காளானோ நிதானமாக, நெடுநேரம் கனலும். ஈரம் இரண்டுக்குமே பகை. 1827இல் ஜான் வாக்கர் உரசுதீக்குச்சியை விற்கத் தொடங்கியபின், இவ்விரண்டும் மெல்ல மெல்ல வழக்கொழிந்தன.

இன்றைய மலையேறிகளின் பையில் பெட்ரோலியம் ஜெல்லி தோய்த்த பருத்திப் பஞ்சைக் காண்கிறோம். பஞ்சு திரிபோலவும் ஜெல்லி எண்ணெய்போலவும் செயல்படுவதால் சுடர் சில நிமிடங்கள் நின்றெரியும். ஆனால் அதற்குச் சூடான பொறி வேண்டும். 1903இல் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் காப்புரிமை பெற்ற ஃபெரோசீரியம் உலோகக் கலவை அதைத் தருகிறது. பைரைட்டின் மங்கிய பொறிக்குக் காளானே தக்க துணை. பொறிக்கேற்ற பஞ்சு என்பதே இவ்வரலாற்றின் சூத்திரம் என்று நமக்குத் தோன்றுகிறது.

ஓட்ஸியைக் குளிர் கொன்றிருக்கலாம் என்றே முதலில் எண்ணினார்கள். 2001இல் அவரது இடத்தோளில் அம்புமுனை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. குளிரை வெல்லும் ஏற்பாடுகளோடுதான் அவர் மலை ஏறியிருந்தார். சக மனிதனை வெல்லும் ஏற்பாடு அப்பையில் இல்லை.