போர்வெல் மலிவுதாங்க, ஆனா...

அரசு செலவுல 'திறன்'னா என்னங்க? குறைஞ்ச காசுல வேலையை முடிக்கிறதுன்னு சட்டுனு சொல்லிடுவோம். தர்மபுரிக் கதையைப் பார்த்தா அப்படிச் சொல்ல வராது.

பல வருஷமா இங்க குடிதண்ணின்னா போர்வெல்தான். துளை போட்டு கைபம்பு வெச்சா முடிஞ்சுது, ரொம்ப மலிவு. ஆனா பாறையிலிருந்து ஃபுளோரைடும் சேர்ந்து வந்துச்சு. லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேற வழியே இல்லைன்னா 1.5 வரைக்கும்னு இந்தியத் தரம் சொல்லுது. பல ஊர்ல அதைத் தாண்டிடுச்சு. பிள்ளைங்க பல்லுல காவிக்கறை, பெரியவங்களுக்கு மூட்டு மடக்க முடியாத வலி. இந்தச் செலவு எந்த லெட்ஜர்லயும் ஏறலை!

அப்புறம்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2008-ல் அடிக்கல், 2013-ல் தொடக்கம். ஜப்பான் கடனோட ரூ.1,928.80 கோடி.

தணிக்கைக்காரங்க மூணு கேள்வி கேப்பாங்க. மலிவா வாங்கினியா? போட்ட காசுக்கு எவ்வளவு கிடைச்சுது? நினைச்ச பலன் வந்துச்சா? போர்வெல் முதல் ரெண்டுல பாஸ், மூணாவதுல அவுட் :-)

சட்டம் என்ன சொல்லுது? நம்ம மாநிலத்தோட 1998 டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம், தகுதியானவங்கள்ல குறைஞ்ச விலைக்காரரை எடுன்னு சொல்லுது. போர்வெல்லா, காவிரியான்னு அது கேக்காது. அந்த முடிவுக்கு அப்புறம்தான் அதுக்கு வேலையே.

மத்திய அரசின் பொது நிதி விதிகள் கொஞ்சம் பரவாயில்லை. சொந்தக் காசைச் செலவழிக்கிற விவேகமான ஆள் காட்டுற கவனத்தை அதிகாரியும் காட்டணுமாம். அந்த ஆள் தன் பிள்ளைக்கு போர்வெல் தண்ணியைக் கொடுத்திருப்பாரா?

காவிரி வந்ததால வளைஞ்ச எலும்பு நிமிராது. அதை எந்தக் கணக்குத் தலைப்புல எழுதுறதுன்னு தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க.